கூடாரமா, வீட்டு அறையா, இராத்திரி ஏற்றமா?

கொழும்பில் வேலை செய்யும் என் சித்தி மகன் போன வாரம் போன் எடுத்தான். சித்திரை லீவுக்கு நாலு பேராக மலைப்பக்கம் வந்து இரண்டு நாள் நடக்கப் போகிறார்களாம். "அண்ணே, டென்ட் வாங்கியாச்சு. எந்தக் காட்டுல போடலாம்? புலி வருமா?" என்று கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

அவர்கள் பேசிவைத்திருந்த வழிகள் மூன்று. காட்டுக்குள்ளேயே கூடாரம் அடித்துத் தங்குவது ஒன்று. தேயிலைத் தோட்டத்திலோ கிராமத்திலோ ஒரு வீட்டில் அறை எடுத்து, பகலில் மட்டும் நடப்பது இன்னொன்று. இராத்திரி இரண்டு மணிக்கு டோர்ச்சோடு கிளம்பி, உச்சியில் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு இறங்குவது மூன்றாவது. மலை அதே மலைதான். ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பிராணியின் வழியில் போய் நிற்கிறோம் என்பது ஒவ்வொன்றிலும் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் தடவை வருகிறவர்களுக்கு வீட்டு அறைதான் சரி. அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எதற்குப் பயப்படுவது என்று பார்ப்போம். இணையத்தில் தேடினால் வரும் ஆலோசனையில் பாதி கரடியைப் பற்றியது. சாப்பாட்டை மரத்தில் உயரக் கட்டு, கரடிக்கு அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே வாங்கு என்றெல்லாம் இருக்கும். நம் மலைநாட்டில் கரடி இல்லை. இலங்கையின் கரடி யால, வில்பத்து, வஸ்கமுவ போன்ற வறண்ட தாழ்நிலக் காடுகளில் இருப்பது. ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு காலத்தில் யானை இருந்தது, இன்று இல்லை. யானையைப் பற்றி யோசிக்க வேண்டிய இடங்கள் மலைகளின் கால்பக்கம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடகிழக்குச் சரிவு வஸ்கமுவ பக்கமாக இறங்குகிறது. எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பக்கமும் அப்படித்தான். அந்த அடிவாரங்களில் பொழுது சாய்ந்த பிறகு நடக்கவே கூடாது. கூடாரம் என்ற பேச்சே வேண்டாம்.

சரி, புலி. நாங்கள் தோட்டத்தில் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். இந்தத் தீவில் வேங்கையும் இல்லை, சிங்கமும் இல்லை, சிறுத்தைக்கு மேலே வேட்டையாடும் மிருகம் எதுவும் கிடையாது. அது அடர்காட்டில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். தேயிலை மலைகளுக்கு நடுவில் துண்டு துண்டாக நிற்கும் காட்டிலும், ஓடைக்கரைப் புதரிலும்கூட வாழ்கிறது. அந்தியிலிருந்து விடியும்வரைதான் அதன் நடமாட்டம் அதிகம். காட்டுப்பன்றி, மரை என்கிற கடமான், முயல், அப்புறம் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) நாய்கள், இவைதான் அதன் சாப்பாடு. மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். பிரச்சினை வருவது இரண்டு விதத்தில். தேயிலைச் செடிக்கடியில் குட்டியோடு படுத்திருக்கும்போது நாம் தெரியாமல் கிட்டப் போய்விடுவது ஒன்று. கம்பியில் மாட்டிக் காயப்பட்டுக் கிடக்கும்போது வேடிக்கை பார்க்கப் போவது மற்றது.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றிக்காக மரக்கறித் தோட்ட ஓரங்களிலும் காட்டு விளிம்பிலும் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி ஒரு சுருக்கில் மாட்டியது. அரிதிலும் அரிதான மிருகம். உடவளவவுக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் செத்துப்போனது. இன்றைக்கும் நினைத்தால் மனம் வலிக்கிறது. நடக்க வருகிறவருக்கு இதில் என்ன என்றால், கம்பி உங்கள் காலையும் பிடிக்கும். சில இடங்களில் கட்டுத்துவக்கும் வைக்கிறார்கள். மிருகம் கால் வைத்துக் கம்பி இழுபட்டால் வெடிக்கும் துவக்கு அது, வந்தது பன்றியா ஆளா என்று அதற்குத் தெரியாது. அதனால் குறுக்குவழி என்று சொல்லிக்கொண்டு ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். இருட்டில் பாதை விலகுவது சுலபம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் உண்மையாகவே பயப்படும் பிராணிக்கு வருகிறேன். அது குளவி.

மலைநாட்டுச் செய்திகளை வாசிக்கிறவர்களுக்கு "குளவிக்கொட்டுக்கு இலக்காகி" என்ற வரி புதிதல்ல. பத்துப் பேர் வைத்தியசாலையில், பதினைந்து பேர் வைத்தியசாலையில் என்று வந்துகொண்டே இருக்கும். சிலவேளை மரணச் செய்தியும் வரும். தோட்டத்தில் குளவி என்று சொல்லும்போது அதில் இரண்டு இனம் அடங்கும்: உண்மையான குளவியும், உயரமான யூகலிப்டஸ் மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீயும். தேனீ கொட்டினால் கொடுக்கைத் தோலில் விட்டுப் போகும். கூடவே ஒரு வாடையையும் விடும், அந்த வாடைக்கு மற்றவை திரண்டு வரும். குளவிக்குக் கொடுக்கு போகாது, ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பத்து மணித் தேத்தண்ணியைப் போத்தலில் எடுத்துக்கொண்டு அம்மா கொழுந்தெடுக்கும் மலைக்குப் போயிருந்தேன். போத்தலை நீட்டும்போதுதான் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு லொறி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி ஓர் இரைச்சல். மேலே யூகலிப்டஸில் இருந்த கூட்டைப் பருந்து அடித்திருந்தது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி "படங்கப் போத்துங்க! படுங்க!" என்று கத்தினார். அம்மா இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை உருவி, என்னை மழைத்தண்ணீர் வடியும் கானுக்குள் தள்ளி, மேலே படுத்து மூடிக்கொண்டார். சாக்கு இழை வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு நேரே, இழைக்கு வெளிப்பக்கம், ஒன்று நடந்துகொண்டிருந்தது. வயிற்றை மடக்கி மடக்கிச் சாக்கில் குத்தியது. நான் மூச்சை அடக்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்தபோது படங்கின் விளிம்பைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் மட்டும் வீங்கியிருந்தன, பதினொரு கொட்டு. எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்து நிரையில் நின்ற பெரியம்மா ஓடப் பார்த்தார். கூடைக் கயிறு தேயிலை வாதில் மாட்டி விழுந்துவிட்டார். கம்பளியில் கிடத்தித்தான் லொறிக்குத் தூக்கிப் போனார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. நாலாம் நாள்தான் கண் திறந்தது.

இதை நான் சொல்வது பயமுறுத்த அல்ல. கங்காணிக்கு அந்தக் கூடு அங்கே இருப்பது தெரியும், படங்கு மூடத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் நாலு இளைஞர்களுக்கு இரண்டும் தெரியாது.

குளவி பகல் பிராணி. அப்படியானால் பகலில் நடப்பதுதானே ஆபத்து என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று வழிகளில் பகல் நடைக்குத்தான் குளவி அதிகம் குறுக்கே வரும், மறைக்கவில்லை. நான் முன்னே சொன்ன நிபந்தனை இங்கேதான் வருகிறது: தங்கும் வீட்டிலிருந்தே, அந்த மலையில் தினமும் நடக்கும் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். கூடு எந்த மரத்தில், போன கிழமை எது கலைந்தது, எந்தப் பாதையை இப்போது விட்டுவிட வேண்டும், இதெல்லாம் எந்த வரைபடத்திலும் கிடையாது, அவர் தலைக்குள் இருக்கிறது. "அந்தப் பக்கம் போக வேணாம் தம்பி" என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் திரும்புங்கள். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வராதீர்கள். பாறை விளிம்புகளில் நின்று கூச்சல் போடாதீர்கள், கல் எறியாதீர்கள்.

கலைந்துவிட்டால்? கையை வீசி அடிக்கக் கூடாது. முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, ஒரே நேராக, வீடோ வாகனமோ இருக்கும் பக்கம் ஓட வேண்டும். ஓட இடமில்லை என்றால் என் அம்மா செய்தது போல மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். மழைக்கோட்டு ஒன்று எப்போதும் பையின் மேல்பக்கம் இருக்கட்டும், அதுதான் உங்கள் படங்கு. தண்ணீருக்குள் குதிப்பது உதவாது, தலை தூக்கும்வரை அவை மேலேயே சுற்றும். தப்பிய பிறகு தோலில் கொடுக்கு இருந்தால் நகத்தால் உடனே வழித்தெடுங்கள். உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றி விழுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அது வீதிவரைதான் வரும். வீதிக்கு நீங்கள்தான் இறங்க வேண்டும். தங்குமிடத்தை முடிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அங்கிருந்து வீதி எவ்வளவு தூரம்.

கூடாரத்துக்கு வருவோம். அதற்கும் நல்ல பக்கம் உண்டு. தரையோடு தைத்து, சிப் முழுக்க மூடும் கூடாரத்துக்குள் பாம்பும் வராது, அட்டையும் வராது. குகையிலோ, கொழுந்து நிறுக்கும் கதவில்லாத மடுவத்திலோ பாயை விரித்துப் படுப்பதைவிட அது எவ்வளவோ மேல். சிறுத்தை கூடாரத்தைக் கிழித்து ஆளைத் தூக்கியதாக எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சுக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் சாப்பாட்டு மிச்சம் கிடந்தால் காட்டுப்பன்றி வரும், முள்ளம்பன்றி வரும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். இராத்திரி ஒன்றுக்குப் போக வெளியே வருகிற அந்த ஐந்து நிமிடம்தான் கூடாரத்தின் பலவீனம். செருப்போடு, டோர்ச் இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் இலைச் சருகில் கால் வைக்கிறோம். பகலில் கண்ணில் படாத கூடு ஒன்று மேலே இருந்து, கீழே நெருப்பு மூட்டிப் புகை எழுப்புவதும் நடக்கக்கூடியதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே ஒருவருக்கு ஏதாவது ஆனால் இருட்டில் இரண்டு மணி நேரம் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், சிக்னல் கிடைக்குமா என்பதும் சந்தேகம்.

கூடாரம்தான் வேண்டும் என்றால், அனுமதி உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடங்கள் இருக்கின்றன, முன்பதிவு செய்ய வேண்டும். நக்கிள்ஸில் வனத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். சமையலும் சாப்பாடும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி நடக்கட்டும், மிச்சத்தைக் கட்டி மூடி வையுங்கள். சமவெளியில் மரைகள் ஆட்களுக்குப் பழகி வாகனத் தரிப்பிடத்துக்கே வருகின்றன. பழகிய மிருகம் சாதுவான மிருகம் ஆகிவிடாது. கொம்புள்ள கிடா தலையை ஒரு முறை திருப்பினாலே போதும். தீனி போடாதீர்கள், தோளில் கை போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

இராத்திரி ஏற்றம் மூன்றிலும் ஆகக் கவர்ச்சியானது. எனக்கும் பிடிக்கும். ஆனால் பிராணிகளை வைத்துப் பார்த்தால் இதுதான் மோசமான வழி, அதற்குக் காரணம் புலிகூட இல்லை, ஒரு சின்னப் பாம்பு. கூன்மூக்கு விரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்றும் பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்வார்கள். ஒரு முழத்துக்கும் குறைவு, காய்ந்த இலையின் நிறம், மூக்கு நுனி கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் இருக்கும். கிட்ட வந்தாலும் நகராது, இலையோடு இலையாகச் சுருண்டு கிடக்கும். இலங்கையில் அதிகம் தீண்டும் பாம்புகளில் இதுவும் ஒன்று. இதன் விஷத்துக்கு இங்கே மாற்று மருந்து இல்லை. இந்தியாவிலிருந்து வரும் மருந்து நாகம், கண்ணாடி விரியன் போன்ற நான்கு பாம்புகளுக்கானது, அந்த நான்கில் இது இல்லை. பெரும்பாலானவர்கள் வீக்கத்தோடும் வலியோடும் தப்பிவிடுகிறார்கள், ஆனால் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். பச்சை விரியனும் உண்டு. அது தரையைவிடக் கிளையில், சிலவேளை தேயிலைச் செடியிலேயே இருக்கும், ஏறும்போது பிடிமானத்துக்குக் கொப்பைப் பிடிக்கிற கைக்கு அதனால் ஆபத்து.

போன வருடம் கோயிலிலிருந்து திரும்பும்போது, எங்கள் லயத்துக்கு ஏறும் கல்படியில் டோர்ச் வெளிச்சத்தில் ஓர் இலையைப் பார்த்தேன். மற்ற இலைகள் நனைந்து மின்னின, அது மின்னவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நின்று பார்த்த பிறகுதான் செதிலும், முக்கோணத் தலையும் தெரிந்தன. நான் தினமும் ஏறுகிற படி அது. உச்சிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக ஏறுகிற ஒருவர் அதைக் கண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, சிவனொளிபாதமலை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் நல்லதண்ணிப் பாதையில் விளக்கு எரியும், கடைகள் திறந்திருக்கும், ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள், படி கட்டிய பாதை. அதில் இராத்திரி ஏறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பருவம் முடிந்த பிறகு அதே பாதை இருட்டாகவும் ஆளில்லாமலும் கிடக்கும். குருவிட்ட, எரத்ன பக்கத்துப் பாதை நெடுந்தூரம் காட்டுக்குள் போவது, அதில் பகலில்கூடத் தெரிந்தவர் துணை வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் நுழைவாயில் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அங்கே இந்தக் கேள்வியே இல்லை.

பாம்பு தீண்டினால் செய்யக்கூடாததை ஞாபகத்தில் வையுங்கள்: இறுக்கிக் கட்டு போடக்கூடாது, கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, பாம்பைப் பிடிக்கப் போகக்கூடாது. தீண்டிய கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, சப்பாத்தைக் கழற்றி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று அறைக்குத் திரும்பாதீர்கள். இரத்தத்தில் வரும் கோளாறு மெதுவாகத்தான் தெரியும்.

அட்டையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது தொல்லை, ஆபத்தில்லை. காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்தால் குறையும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தைத் தள்ளினால் விழுந்துவிடும்.

வீட்டு அறையில் தங்கி நடப்பவர்களுக்கு என்றே ஒரு பிராணி இருக்கிறது, நாய். ஒவ்வொரு லயத்துக்கும் நாலைந்து இருக்கும், அந்நியரைக் கண்டால் கூட்டமாக வரும். ஓடாதீர்கள். நின்று, கல் எடுப்பது போலக் குனிந்தாலே பெரும்பாலும் பின்வாங்கும். கடித்துவிட்டால் காயம் சின்னதோ பெரிதோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலையில் விசர்நாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். குரங்கு கடித்தாலும் கீறினாலும் இதேதான். வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே வரும் நல்ல நாயையும் காட்டுக்குள் கூட்டிப்போகாதீர்கள், சிறுத்தைக்கு அது தூண்டில் இரை.

தப்பித்தவறி சிறுத்தை எதிரே வந்தால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், உட்காராதீர்கள். நாலு பேரும் ஒட்டி நின்று, கையைத் தூக்கி, சத்தமாகப் பேசிக்கொண்டே மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். அதற்குப் போக வழி இருக்க வேண்டும், அதைச் சுற்றி வளைக்கக் கூடாது. காட்டுப்பன்றிக்கு வேறு மாதிரி. குட்டியோடு நிற்கும் பன்றி நேராகப் பாயும், ஒதுங்கி ஒரு மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் போங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இது. கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியாவரை பீக்கோ ட்ரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், இருபத்திரண்டு பகுதி. பழைய தேயிலை வீதிகளை ஒட்டியே போகிறது, பல பகுதிகளை ஒரு பகலில் நடந்து முடித்து ஊருக்குள் வந்துவிடலாம். அதில் இரண்டு பகுதியை எடுத்துக்கொள். ஏழு மணிக்கு வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பு, நாலு மணிக்குள் வீட்டில் இரு. ஒரு டோர்ச், ஒரு தடி, மழைக்கோட்டு, நீளக் காற்சட்டை, கணுக்காலை மூடும் சப்பாத்து. நாலு பேரில் யாருக்காவது முன்பு குளவி கொட்டி மூச்சுத் திணறியிருந்தால் வருவதற்கு முன்பே வைத்தியரைப் பார்த்து மருந்து வாங்கி வரட்டும்.

கூடாரத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் போடலாம். கங்காணி மாமாவின் மகன் இரண்டு நாளும் கூட வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான், கூலியும் பேசியாயிற்று. மேல் பிரிவில் யூகலிப்டஸ் நிரையில் இப்போது மூன்று கூடு தொங்குகிறதாம், அந்தப் பக்கம் வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டான்.